சம்பளம் கூடும், சரி... ஓய்வூதியம்?



"அரசு ஊழியருக்கு இன்னும் எவ்வளவுதான் கொடுக்கிறது?"ன்னு நம்மில் சிலரே கேட்கிறாங்க. கணக்கைப் பாருங்க.

ஒன்றிய அரசு 8-வது ஊதியக் குழுவை அமைத்திருக்கிறது. நல்லது. ஆனால் ஓய்வுக்குப் பிறகு என்ன வழி?

2004 ஜனவரி 1-க்கு முன் சேர்ந்தவருக்கு, ஓய்வூதியத்துக்கெனப் பிடித்தமே இல்லாமல் கடைசிச் சம்பளத்தில் பாதி. அதன்பின் சேர்ந்தவரிடம் மாதாமாதம் 10% பிடித்து, சந்தையை நம்பச் சொன்னார்கள்.

எதிர்ப்பு கிளம்பியதும், 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதிலும் அந்த 10% பிடித்தம் நிற்கவில்லை. அடிப்படைச் சம்பளத்தில் முழுசாகப் பாதி கிடைக்க 25 வருஷப் பணி வேணும். வயது வரம்புச் சலுகையில் 37 வயசுல சேர்ந்தவருக்கு, 60-ல் ஓய்வு பெறும்போது 23 வருஷம்தான். வெட்டு விழுவது அவருக்குத்தான்! பழைய திட்டத்தில் 10 வருஷமே போதும்.

ஓய்வூதியம் பிச்சை அல்ல, உரிமை. 1982-லேயே நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

இன்று அரசு ஊழியரின் பாதுகாப்பைப் பறிக்க விட்டால், நாளை தனியார் தொழிலாளி எதைக் காட்டி உரிமை கேட்பார்?

யோசிங்க. நாலு பேருக்குச் சொல்லுங்க.

#பழைய_ஓய்வூதியம்_வேண்டும்