இழப்பும் நெஞ்சப் பக்குவமும்

கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூர்களுள் ஒன்று. அதன் முன்னே பாக்கு நீரிணை பரந்து கிடக்கின்றது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் அங்கிருந்து கடல் புகும். 2021-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் அத்துறையினின்றும் புறப்பட்ட படகொன்று, நெடுந்தீவின் அருகே இலங்கைக் கடற்படைக் கலத்தோடு நேர்ந்த மோதலில் மூழ்கிற்று; அதிற்சென்ற நால்வரும் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மற்றொரு படகும் அவ்வாறே மூழ்க, மூவருள் ஒருவர் உயிரிழந்தார்.

கடல் ஒருவரைக் கொண்டுவிட்ட வீட்டில் நிகழ்வது யாது? பெண்டிர் ஒருவர் தோளை ஒருவர் தழுவி ஒப்பாரி வைப்பர். மாண்டவர் உண்டதும் உடுத்ததும் சினந்ததும் சிரித்ததும் அதில் வரும். துயருக்கு அஃது ஒரு வடிகால். ஆயின், திண்ணையோரத்தில் நிற்கும் பதினைந்து வயது மகனுக்கு அவ்வடிகால் இல்லை. “ஆண்பிள்ளை அழலாமா? இனி இந்த வீட்டுக்கு நீதானே தலைவன்!” என்பர் பெரியோர். அன்பினாற் பிறந்த மொழியே அது. எனினும் அவன் நாவைக் கட்டிவிடுகிறது. சில நாளில் அவன் பள்ளிக்கு வருவான், எவரோடும் பேசான், சிறு சொல்லுக்கும் சீறுவான். பின்னர்ப் பள்ளியையே விட்டுப் படகேறுவான். ‘பொறுப்பு வந்துவிட்டது’ என்று ஊர் புகழும். நெஞ்சம் ஊமையான நிலையைப் பொறுப்பென்று புகழ்தல் தகுமோ?

துன்பப்பட்ட இளைஞர் பிறர் துன்பத்தைத் தாமே உணர்வர் என்பாரும் உளர். அது பாதி உண்மையே. உள்ளத்தில் எழுவது துயரமோ, சினமோ, அச்சமோ, ‘அன்று போகவேண்டா என்று தடுத்திருக்கலாமே’ என்னும் குற்றவுணர்வோ எனப் பகுத்தறிந்து சொல்லப் பழகியவனுக்கே பிறர் முகத்தில் அவற்றைக் காணும் கண் வாய்க்கும். காந்தியடிகள் பதினாறு வயதில் தந்தையை இழந்தார். உயிர் பிரிந்த பொழுதில் அருகே இல்லாது போன குறையை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்குப் பின்னும் தம் வரலாற்றில் ஒளியாது எழுதினார்.

பறம்புமலைத் தலைவனாகிய பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் 112-ஆவதாக உள்ளது. ஒரு திங்களுக்கு முன் தமக்கு இருந்ததையும் இன்று இல்லாததையும் ஐந்தே அடிகளில் அவர்கள் எண்ணிச் சொல்லிவிடுகின்றனர். அது மகளிர் பாட்டு, ஆடவர்க்கு ஆகாது என ஒதுக்குவார்க்கு நபிகள் நாயகத்தின் வரலாறு விடை தரும். மகவு இபுராகீம் இறந்தபொழுது அவர் கண்ணீர் உகுத்தார். வியந்து வினவினார்க்கு, அஃது இரக்கம் என்றார். இசுலாமியர் பலர் வாழும் கோட்டைப்பட்டினத்தில் இது புதுச்செய்தி அன்று. எனினும் திண்ணையோரத்துச் சிறுவனுக்கு எவரும் இதனை எடுத்துரைப்பதில்லை.

அவன் பள்ளியை விடுவது குறித்து முடிவு செய்வதைச் சுற்றத்தார் ஓராண்டேனும் தள்ளிவைத்தல் வேண்டும். குடும்பத்தின் வறுமை பொறுக்குமோ எனின், அவ்வோராண்டை ஊரார் தாங்கட்டும். அதுவரை, வகுப்பில் அருகே அமரும் தோழனுக்கும் ஒரு கடமை உண்டு. அறிவுரை கூற வேண்டுவதில்லை. “உன் அப்பா வலை பழுது பார்க்கும்போது உன்னோடு என்ன பேசுவார்?” என்று கேட்டால் போதும். முதல்நாள் அவன் மறுமொழி கூறாதிருக்கலாம். மறுநாளும் கேட்கலாம்.