தலோஜா பக்கத்தில்தான் இருந்தது

டோம்பிவிலியிலிருந்து கல்யாண்-ஷில் ரோட்டைப் பிடித்து ஷில்பாட்டா தாண்டினால் தலோஜா. ரயிலென்றால் திவாவில் மாறிப் பன்வேல் வண்டி. அந்த எம்ஐடிசி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் டோம்பிவிலித் தமிழர்களான நம்மில் எத்தனையோ பேர். அங்குள்ள மத்தியச் சிறையில்தான் 2020 அக்டோபர் முதல் 2021 மே கடைசி வரை ஸ்டேன் சுவாமி அடைபட்டிருந்தார். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குருவானவர். பிடித்துவந்தபோது வயது 83. பார்க்கின்சன் நோய் வேறு.

தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. டிவியில் பார்த்தோம், “நக்சல் கேஸ், நமக்கெதுக்கு வம்பு” என்று சேனலை மாற்றினோம். வழக்குக்குக் காரணமான வன்முறை நடந்த பீமா கோரேகாவுக்குத் தான் போனதே இல்லை என்று அவர் சொன்னது நம் காதில் ஏறவில்லை. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகப் பேசியவர், நக்சல் முத்திரை குத்தப்பட்டு விசாரணை முடியாமல் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காக வழக்குப் போட்டவர். கடைசியில் அவருக்கும் அதே கதி.

கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு நவம்பர் 6 அன்று மனு கொடுத்தார். பதில் சொல்லவே அவரைக் கைது செய்த தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) 20 நாள் அவகாசம் வாங்கியது. பிறகு, அவருடைய சிப்பரைத் தாங்கள் எடுக்கவில்லை என்றது. முகம் தெரியாத பலர் எங்கெங்கிருந்தோ சிறை விலாசத்துக்கு சிப்பர் அனுப்பினார்கள். நடுவே தீபாவளி வந்தது. நாம் பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினோம். கொரோனாவில் பார்க்கப் போக முடியாதுதான். ஒரு கடிதம் போட்டிருக்கலாமே, அதுவும் தமிழில்! உள்ளே அவர் சாப்பிட உதவியவர் அருண் ஃபெரெய்ரா, குளிக்க உதவியவர் வெர்னன் கொன்சால்வஸ். இருவரும் அதே வழக்கில் கைதானவர்கள்.

நம்மில் இந்துக்கள் “அது சர்ச் விஷயம்” என்றோம். கிறிஸ்தவர்கள் “அது அரசியல் விஷயம்” என்றோம். 2021 ஜூலை 5, பாந்த்ரா ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் உயிர் போனது. ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோதுதான் நீதிமன்றத்துக்கே அது தெரிந்தது. வழக்கு விசாரணை அதுவரை தொடங்கவே இல்லை.

அடுத்த மே மாதம் தேவசகாயம் பிள்ளையை ரோமில் புனிதராக உயர்த்தினார்கள். நாம் பூரித்துப் போனோம். நம் மண்ணின் வேதசாட்சி! 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டவருக்காக இன்று மெழுகுவர்த்தி ஏற்றினால் யாரும் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. ஸ்டேனைத் திருச்சபை இன்னும் வேதசாட்சி என்று அறிவிக்கவில்லை என்பதும் நமக்கு வசதியாகப் போயிற்று.

அவர் பெயரில் ஒட்டிய களங்கத்தைத் துடைக்க உயர் நீதிமன்றப் படியேறியவர் ஃபிரேசர் மஸ்கரேனாஸ் என்ற மும்பை இயேசு சபைக் குரு. நாமோ ஜூலை 5 அன்று நினைவுக் கூட்டம் வைக்கலாமா என்று யாராவது வாயெடுத்தால், ஹால் கிடைக்காது என்கிறோம். பொங்கல் விழாவுக்கு மட்டும் ஹால் எப்படியோ கிடைத்துவிடுகிறது.