கடைசி இருக்கையில் அமர்ந்து பாருங்கள்!

இளம் அறிவியல் (வேதியியல்), மூன்றாம் ஆண்டு மாணவி

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்க்கிறார். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். பத்தடி நடக்க விட்டும் பார்க்கிறார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டிற்கு அந்தப் பழமொழி பொருந்தாது. ஆனால் அதே மனிதர் குடும்பத்திற்கென்று ஒரு பழைய வண்டி வாங்கப் போகும்போது என்ன செய்கிறார்? ஓட்டுநர் இருக்கையில் அமர்கிறார். ஆரனை ஒருமுறை அழுத்துகிறார். "வண்டி நல்லாத்தான் இருக்குது" என்று இறங்கிவிடுகிறார். மூன்றாவது வரிசை இருக்கையில் ஒருவரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதில் உட்காரப் போகிறவர்களை யாரும் கேட்பதுமில்லை. இது பெருந்தவறு என்பதே என் கருத்து.

நான் மரக்காணத்துக்காரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் எங்கள் ஊரை வெள்ளைக் குவியல்களாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுவெளி, இடையிலே பாத்தி பாத்தியாக உப்பளம். என் தந்தையும் சித்தப்பாவும் அந்தப் பாத்திகளில் உழைப்பவர்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் வீட்டு வருமானமும் பாத்தியோடு கரைந்துவிடும். வீட்டில் ஆயாவையும் சேர்த்து நாங்கள் ஏழு பேர். ஆயாவை மாதம் இருமுறை புதுச்சேரிக்கு வைத்தியத்திற்கு அழைத்துப் போக வேண்டும்.

"பேருந்து இருக்கும்போது வண்டி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆண்டிற்கு நான்கு கல்யாணத்திற்காக ஏழு பேர் போகும் வண்டியை வாங்கி வாசலில் நிறுத்துவது வீண் செலவே. அப்படிப்பட்டவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. நாங்களும் வெகுநாள் அப்படித்தான் இருந்தோம்.

ஈராண்டுக்கு முன் உறவினர் திருமணத்திற்கு இரவல் வண்டி ஒன்றில் பதினோரு பேர் போனோம். பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக அமரும் பலகை இருக்கை. நானும் தங்கையும் இன்னும் மூன்று சிறுவர்களும் அங்கே. சாலையில் ஆடு குறுக்கே வந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். ஆடு பிழைத்தது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத என் தங்கையின் நெற்றி இரும்புச் சட்டத்தில் மோதி ஆறு தையல் போடும்படி ஆயிற்று. முன்னால் இருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. மறுமாதம் சீட்டுப் பணத்தையும் சித்தப்பாவின் சேமிப்பையும் சேர்த்து வண்டி தேடத் தொடங்கினார்.

மூன்று வரிசை வண்டி நம் நாட்டில் வளர்ந்த கதையைச் சற்றே பார்ப்போம். 1994-இல் டாடா சுமோ வந்தது. அப்பெயர் ஜப்பானிய மல்லரைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கர் என்பவரின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகளாகும். 2000-இல் குவாலிசும் பொலிரோவும், 2005-இல் இன்னோவாவும், 2012-இல் எர்டிகாவும், 2019-இல் ட்ரைபரும் வந்தன. சுமோ, குவாலிஸ், பொலிரோ ஆகியவற்றின் பல வகைகளில் கடைசி இருக்கை பக்கவாட்டில் அமைந்திருக்கும். இன்னோவா, எர்டிகா, ட்ரைபர் ஆகியவற்றில் அது முன்னோக்கி இருக்கும். இந்த வேறுபாடு சிறிதன்று. மனித உடலை இருக்கைப் பட்டை காப்பது முன்னோக்கி அமரும்போதுதான். எனவே பழைய வண்டி வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எத்தனை பேர் ஏறலாம்?" என்பதன்று, "எத்தனை பேருக்குப் பட்டை இருக்கிறது?" என்பதே.

நாங்கள் பார்த்த முதல் வண்டி கண்ணாடிபோல் பளபளத்தது. புதுச்சேரிப் பதிவு எண். விலையும் மலிவு. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. நான் மூன்றாவது வரிசைக்குப் போய் அமர்ந்தேன். கடைசிப் பட்டையை இறுதிவரை இழுத்தேன். மேலே புதிதுபோல் இருந்த பட்டை, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றோடு வந்தது. கால்மிதியைத் தூக்கினால் அடியில் ஈரநாற்றம். உதிரிச் சக்கரம் இருக்கும் குழியிலே துருப்பொடி. "அப்பா, இது தண்ணியில நின்ன வண்டி" என்றேன். தரகருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்கிற பிள்ளைக்கு வண்டியைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்; பட்டையை ஒருமுறை பார்த்தார். "வாம்மா, போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உப்பைப் பற்றித் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் உப்பளங்களும் நீரில் மூழ்கின. அப்படி நனைந்த வண்டிகளும் ஒருநாள் சந்தைக்கு வரத்தானே செய்யும்? வெள்ளமே பார்க்காத வண்டியானாலும் நம் கடற்கரையில் ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்க்கிறோம். உப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதே அதற்குக் காரணம். அதே உப்புத்தூசி வண்டியின் அடிப்பாகத்தில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அவ்வினை விரைகிறது. வண்ணம் பூசி மேல்தோலை மறைக்கலாம். அடிவயிற்றை மறைக்க முடியாது. ஆகவே வண்டியைத் தூக்கி நிறுத்தி, சட்டத்தையும் கதவுகளின் கீழ்விளிம்பையும் திருப்புளியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் இரும்பு; 'சொத்' என்றால் துரு.

இன்னும் சில சோதனைகள் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தரகர் ஒருவரை மட்டும் ஏற்றி ஓட்டுவது சோதனையாகாது. பின்வரிசைக்குக் குளிர்காற்று வருகிறதா, முழங்கால் இடிக்கிறதா, வயதானவர் ஏறி இறங்க முடிகிறதா என்பவற்றையெல்லாம் அங்கு உட்காரப் போகிறவரே பார்த்துச் சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் எழுதியுள்ள இருக்கை எண்ணிக்கை ஓட்டுநரையும் சேர்த்தது என்பதை மறவாதீர்கள். எவரோ பின்னால் சேர்த்துப் பொருத்திய பலகை அந்தக் கணக்கில் வாராது.

காகிதத்திற்கு வருவோம். பெயர் மாற்றத்தை நம்மவர்கள் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவித்தாக வேண்டும். விற்றபின் விபத்து நேர்ந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பெயர் மாற்றம் வாங்குகிறவருக்கு மட்டுமன்று, விற்கிறவருக்கும் காவல். புதுச்சேரி எண் வண்டியென்றால் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். தமிழ்நாட்டில் வரியும் கட்ட வேண்டும். மலிவாகத் தோன்றிய விலை அப்போது மலிவாக இராது. தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு ஆண்டு ஓடிய வண்டிக்கு விலை பேசும்போது இக்கணக்கும் மனத்தில் இருக்கட்டும்.

"ஏழைக்கு இவ்வளவு பார்த்து வாங்க முடியுமா?" என்று சிலர் கேட்பர். பணம் படைத்தவர் ஒரு வண்டி கெட்டால் இன்னொன்று வாங்குவார். எங்களுக்கு இந்த ஒரு வண்டிதான். நான்கு மழைக்காலம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. ஏழையே அதிகம் பார்த்து வாங்க வேண்டியவன்.

முடிவில் இரண்டே முக்கால் லட்சத்திற்கு ஒரு பழைய வண்டி அமைந்தது. வண்ணம் மங்கல், முன் பம்பரில் கீறல், ஒலிப்பெட்டி பாடாது. ஆனால் அடிச்சட்டம் 'டங்' என்றது. ஏழு இருக்கைக்கும் ஏழு பட்டை. விலை பேசி முடிக்கும் முன்பு அப்பா ஒரு காரியம் செய்தார். ஆயாவைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று மூன்றாவது வரிசையில் அமர்த்தினார். ஆயா காலை நீட்டிப் பார்த்தாள். சன்னல் வழியே வெளியே பார்த்தாள். "காத்து வருதுடா" என்றாள். அதன் பின்னரே முன்பணம் கைமாறியது. வைத்தியத்திற்குப் போகும் நாட்களில் ஆயா நடுவரிசையில் அமர்கிறாள். கடைசி வரிசையில் நானும் தங்கையும். தங்கை இப்போது யாரும் சொல்லாமலே பட்டையைப் போட்டுக்கொள்கிறாள்.

மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் கடைசி இருக்கை எப்போதும் குழந்தைக்கும், பெண்ணுக்கும், எதிர்த்துப் பேசாதவருக்கும் ஒதுக்கப்படுகிறது. சாமான் வைத்தது போக மிஞ்சிய இடம் அவர்களுக்கு. உங்கள் வீட்டிலும் நாளை ஒரு பழைய வண்டி பார்க்கப் போவார்கள். நீங்களும் உடன் செல்லுங்கள். எல்லாரும் முன்கதவைத் திறக்கும்போது நீங்கள் பின்கதவைத் திறங்கள். உள்ளே சென்று அமர்ந்து, பட்டையை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். அந்த இருக்கை உங்களுக்குச் சரியென்று பட்டால் மட்டும் "வாங்கலாம்" என்று சொல்லுங்கள்.