ரீலோட் காசும் போகிறது, அந்தரங்கமும் போகிறது

மாத்தளை மாவட்டத்தின் பல்லேகமவில் ஒருவரது காணியை அரசு எடுப்பதென்றால் அதற்கென ஒரு முறை இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி முதலில் அறிவித்தல் ஒட்ட வேண்டும். அதுவும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும். ஆட்சேபம் கேட்க வேண்டும், அளக்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கலப் பகுதி நீருக்குள் போனபோது, கிடைத்தது போதுமா என்று கேட்பதற்குக் குறைந்தபட்சம் ஒரு சட்டமாவது கையில் இருந்தது. அதே ஊரவர் எங்கே நிற்கிறார், யார் யாருடைய இலக்கங்களை வைத்திருக்கிறார், பின்னிரவில் எந்தக் காணொளியை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதையெல்லாம் அவரது கைத்தொலைபேசியிலிருந்து ஒரு செயலி அள்ளிக்கொண்டு போவதற்கு இந்த முறை எதுவும் தேவைப்படுவதில்லை. ‘அலவ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பொத்தான் போதும். அதைத் தொடாவிட்டால் பல செயலிகள் வேலை செய்யவே மறுக்கின்றன. இதைச் சம்மதம் என்று அழைப்பது மோசடி.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் 9ஆம் இலக்கம்தான்! 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சபாநாயகர் அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதி ஒப்பமிட்டார். தெற்காசியாவில் இப்படியொரு முழுமையான சட்டத்தை முதலில் இயற்றியவர்கள் நாமே என்று அப்போது மார்தட்டினார்கள். 2023 ஜூலையில் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைப்பதற்கான பகுதி மட்டும் உயிர்பெற்றது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும், குடிமகனுக்கு உரிமை தரும் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாள் நெருங்கியதும் ஒத்திவைத்தார்கள். பிறகு சட்டத்தையே திருத்தி, நிலையான காலக்கெடுவை எடுத்துவிட்டு, எப்போது நடைமுறைக்கு வரும் என்பதை அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலிடம் விட்டார்கள். மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் ‘இன்னும் ஆயத்தமில்லை’ என்று சொல்வதற்குப் பெயர் நிர்வாகமல்ல.

ஆயத்தமாவதற்கு இந்த அரச இயந்திரத்துக்கு உண்மையிலேயே நேரம் பிடிக்குமா? நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பாருங்கள். சட்டமூலம் 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது. 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி சட்டமாயிற்று. அதன் இலக்கமும் 9! ஊடக அமைப்புகள் எதிர்த்தன, சிவில் சமூகம் எதிர்த்தது, ஒன்றும் எடுபடவில்லை. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. குடிமகன் என்ன பேசுகிறான் என்று பார்க்கும் சட்டத்துக்கு அவ்வளவு அவசரம். குடிமகனைப் பற்றி யார் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்கும் சட்டத்துக்கு இவ்வளவு தாமதம். முதலாவதைக் கொண்டுவந்தவர்கள் முந்தைய ஆட்சியினர். இரண்டாவதைத் தள்ளிப்போட்டவர்கள் இன்றைய ஆட்சியினர். கண்டனம் இருவருக்கும் உரியது.

இந்தத் தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? காணொளிகளை இறக்கித் தரும் விட்மேட் செயலியைப் பற்றி 2019 மே மாதத்தில் பஸ்ஃபீட் நியூஸ் வெளியிட்ட செய்தியை நம் அதிகாரிகள் யாராவது படித்தார்களா தெரியவில்லை. லண்டனைச் சேர்ந்த அப்ஸ்ட்ரீம் என்ற நிறுவனம் கண்டுபிடித்தது இதுதான்: அந்தச் செயலி, திரையில் தெரியாத விளம்பரங்களைப் பின்னணியில் ஓடவிட்டது, பயனர் தொட்டதுபோல் தானே தொட்டது, கேட்காத கட்டணச் சேவைகளில் அவரைச் சேர்த்துவிட முயன்றது. 15 நாடுகளில், ஏறத்தாழ 48 இலட்சம் கருவிகளிலிருந்து, 12 கோடி 80 இலட்சம் சந்தேகத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்கள். தடுக்காமல் விட்டிருந்தால் மக்கள் 17 கோடி டொலர் வரை இழந்திருப்பார்கள் என்பது அவர்களது கணக்கு. அதே ஆண்டு ஒக்டோபரில் ஸ்னாப்டியூப் என்ற இன்னொரு செயலி அதே மாதிரிப் பிடிபட்டது. அதன் தரப்பு, செயலிக்குள் பொருத்தியிருந்த வேறொருவரின் விளம்பர மென்பொருளைக் கைகாட்டியது.

அந்தக் கைகாட்டலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இலவசக் காணொளிச் செயலி என்பது பெரும்பாலும் ஒரே ஆளின் கடையல்ல. உள்ளே பல விளம்பர நிறுவனங்களின் மென்பொருள் துண்டுகள் குந்தியிருக்கும். தொலைபேசிக்கென உள்ள விளம்பர அடையாள எண்ணையும் அனுமதி கிடைத்தால் இருப்பிடத்தையும் அவை சேர்த்து அனுப்பும். அதை வைத்து, இவருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று கண்சிமிட்டும் நேரத்துக்குள் ஏலம் நடக்கும். பழுது வெளிப்பட்டால் செயலிக்காரர் விளம்பரக்காரரைக் காட்டுவார், விளம்பரக்காரர் அவருக்கும் அப்பால் ஒருவரைக் காட்டுவார். பல்லேகமவில் நூறு ரூபாவுக்கு ரீலோட் போட்டவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அவர் கேட்கக்கூடிய ஒரே முகவரி தொலைத்தொடர்பு நிறுவனம்தான். ஏனென்றால் மீதிக் காசைக் கழித்துக் கொடுப்பது அவர்களே. மேலதிகச் சேவை என்ற பெயரில் கேட்காமலே சேர்த்துவிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று கழிக்கும் வழக்கம் வாடிக்கையாளர்களின் பழைய முறைப்பாடு. சேர்வதற்கு ஒரு தொடுகை. விலகுவதற்கு ஒரு இலக்கம், ஒரு குறியீடு, ஒரு காத்திருப்பு. கழித்த பணத்தில் பங்கும் எடுத்துக்கொண்டு, ‘நாங்கள் வெறும் வழி மட்டுமே’ என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை. இதைத் தடுக்க அதிகாரமுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு, முறைப்பாடு வந்தால் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

பிள்ளைகளின் விடயம் இன்னும் மோசம். டிக்டொக் ஐரோப்பிய ஒன்றியத்தில் 13 முதல் 17 வயது வரையானவர்களுக்கு, அவர்களது நடத்தையைப் பின்தொடர்ந்து காட்டும் விளம்பரங்களை 2023 ஜூலையில் நிறுத்தியது. மனம் மாறியல்ல, அங்குள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டம் கட்டாயப்படுத்தியதால். அதே ஆண்டு செப்டெம்பரில் அயர்லாந்தின் தரவு ஆணைக்குழு, பிள்ளைகளின் தரவைக் கையாண்ட விதத்துக்காக அந்நிறுவனத்துக்கு 34 கோடி 50 இலட்சம் யூரோ தண்டப்பணம் விதித்தது. யூடியூப் பிள்ளைகளின் தரவைப் பெற்றோரின் அனுமதியின்றிச் சேர்த்ததற்காக 2019இல் அமெரிக்காவில் 17 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. டப்ளினில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சட்டம் காவல் நிற்கிறது. பல்லேகமப் பிள்ளைக்கு நம் சட்டம் காகிதத்தில் நிற்கிறது. பதினாறு வயதுக்குக் குறைந்தோரின் தரவை விசேட வகை என்று எழுதியவர்கள், எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2022 சட்டம் சொன்ன ஆகக்கூடிய தண்டப்பணமோ ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா. மேலே சொன்ன தொகைகளுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

செயலிகளைத் தடை செய்யும்படி நாம் கேட்கவில்லை. இந்தியா 2020 ஜூனில் டிக்டொக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. பார்த்தவர்கள் அப்படியே வேறு செயலிகளின் குறுங்காணொளிகளுக்குப் போனார்கள். தடை போட்ட கை நாளை எதையும் தடை செய்யும். இந்த நாட்டில் சமூக ஊடகங்களை அரசு முடக்கிய இரவுகளை யாரும் மறக்கவில்லை.

நாம் கேட்பது வேறு. டிஜிட்டல் பொருளாதார அமைச்சைத் தம் கையில் வைத்திருப்பவர் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவே. ஆகவே வர்த்தமானியில் கையெழுத்திட இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் எந்தப் பகுதியும் எஞ்சாமல், மீண்டும் நகர்த்த முடியாத திகதியுடன் நடைமுறையில் இருக்க வேண்டும். இலங்கையில் இயங்கும் ஒவ்வொரு செயலியும் அனுமதியைச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்க வேண்டும். மறுத்தாலும் காணொளி ஓட வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடரும் விளம்பரத்துக்கு முழுத் தடை வேண்டும். ரீலோட் காசிலிருந்து கழிக்கும் எந்தச் சேவைக்கும் வாடிக்கையாளரின் குறுஞ்செய்தி உறுதிப்பாடு கட்டாயமாக வேண்டும். அந்த உறுதிப்பாடு இல்லாமல் இதுவரை கழித்தது எவ்வளவு என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டு வாங்கி, கணக்கை வெளியிட்டு, பணத்தை உரியவரின் இலக்கத்துக்கே திருப்பிப் போட வைக்க வேண்டும்.