வயலே பள்ளிக்கூடமா? அஞ்சு நாள் பாடம் நடத்திப் பார்த்தவன் சொல்றேன்

"புள்ளைங்களப் பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்திடுங்க. வயலே பள்ளிக்கூடம், அப்பா அம்மாவே வாத்தியார்." இப்படி ஒரு பேச்சு இப்போது நம்ம பக்கம் இயற்கை விவசாயக் கூட்டங்களில் ரொம்ப ஓடுகிறது. ஐப்பசியில் நான் போன கூட்டத்திலும் ஒருத்தர் முக்கால் மணி நேரம் இதையேதான் பேசினார். மீன் அமிலம் தயாரிக்கிறது எப்படின்னு கேட்கப் போன இடம் அது. அமிலத்தைப் பத்திப் பத்து நிமிஷம், பள்ளிக்கூடத்தைத் திட்டி முக்கால் மணி நேரம். நல்ல கைதட்டல்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மூணு மா குத்தகைக்குச் சாகுபடி பண்றவன். அவன் என் காதில் சொன்னான்: "அண்ணே, எம் பொண்ண எட்டாவதோட நிறுத்திடலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன். படிச்சவரே சொல்றாரு பாருங்க." எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு எங்க ஊர்லேருந்து தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கிற பொண்ணு. மேடையில் பேசினவர் யாரை நினைத்துப் பேசினாரோ, அதைக் கேட்டுக்கொண்டு போனது இந்தத் தம்பிதான்.

நானும் சும்மா எதிர்க்கவில்லை. இந்தக் கார்த்திகை மழையில் அஞ்சு நாள் என் புள்ளைங்க ரெண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். முதல் மூணு நாள் கலெக்டர் விட்ட லீவு. அடுத்த ரெண்டு நாள், தண்ணி புகுந்த தெற்குத் தெரு ஜனங்க சின்னவன் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தாங்க. பெரியவள் போகிற உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் ரோட்டில் முழங்கால் தண்ணி. பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் மூணாவது. சரி, அந்த ஐயா சொன்ன மாதிரியே நடத்திப் பார்த்துடுவோம்னு திங்கட்கிழமை காலையில் திண்ணையில் பாயைப் போட்டேன்.

ஒரு வீட்டில் ரெண்டு வயசுப் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறதுன்னா என்னன்னு மேடையில் யாரும் சொல்றதில்லை. மூணாவது படிக்கிறவனுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் வேண்டும். 500லேருந்து 340ஐக் கழிக்கச் சொன்னால் வாயால 160ன்னு உடனே சொல்றான், கடைக்குப் போய்ப் பழகின பயல். அதையே நோட்டில் எழுதச் சொன்னால் பத்தாம் இடத்தில் நின்னு போறான், சைபர்லேருந்து நாலு எப்படிப் போகும்னு கேட்கிறான். நூறாம் இடத்தில் கடன் வாங்குறதை நான் குச்சி கட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போது, பெரியவள் மீதித் தேற்றத்தைக் கொண்டு வந்து நீட்டுறாள். நான் பன்னெண்டாவது வரை படித்தவன்தான். பல்லுறுப்புக்கோவையைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. அவள் பக்கத்தைப் புரட்டி நான் முதலிலிருந்து படிக்க ஆரம்பிச்ச நேரத்தில், சின்னவன் வயலில் ஏறின மீனைப் பிடிக்கத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிட்டான். அவனைக் கூட்டிக்கிட்டு வந்து உட்கார வைத்தால் அவள் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாள். ஒருத்தரைப் பார்த்தால் இன்னொருத்தர் சும்மா இருக்கணும், அவ்வளவுதான் விஷயம். நடுவில் என் சம்பா நாத்து நட்டு நாப்பது நாள், தண்ணிக்குள்ள கிடக்கு. வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டு நிக்குது. மண்வெட்டி எடுக்கலைன்னா சோறு இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு நல்ல விஷயம் நடந்தது. அதையும் சொல்லிடணும், இல்லைன்னா நியாயமில்லை. எங்க பக்கம் நிலத்தை மா, வேலின்னுதான் சொல்லுவோம். ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. "மூணு மா ஒரு ஏக்கர்"னு எங்க தாத்தா காலத்துலேருந்து வாய்க்கணக்கு. வயலைக் காட்டி இதைச் சொன்னேன். பெரியவள் அதை எழுதிக்கொண்டாள். மூணு மா 43,200 சதுர அடி. ஏக்கர் 43,560. "அப்பா, ஏக்கருக்கு 360 சதுர அடி குறையுதே"ன்னாள். அப்புறம் வேலிக்குப் போட்டாள். வாய்க்கணக்குப்படி வேலி 2,90,400 சதுர அடி வரணும், குழிக் கணக்குப்படி 2,88,000தான் வருது. வித்தியாசம் 2,400. சரியா ஒரு கிரவுண்டு! ஒரு வேலியை வாய்க்கணக்கில் ஏக்கராக்கி வாங்கினவன் ஒரு மனைக்கட்டை இல்லாமலே காசு கொடுத்திருப்பான்.

"பார்த்தீங்களா, வயலே பள்ளிக்கூடம்"னு அந்த ஐயா இதைத்தான் எடுத்துச் சொல்வார். அங்கேதான் நான் மாறுபடுறேன். இதே வயலில் எங்க அப்பாவும் நானும் சேர்ந்து எழுபது வருஷமா நிக்கிறோம். எங்களுக்கு அது மூணு மா ஒரு ஏக்கர்னுதான் சொல்லிக்கிட்டே வந்தது. குறையுற 360 அடியை என் மகள் கண்டுபிடிச்சதுக்குக் காரணம், பரப்பளவையும் பின்னத்தையும் யாரோ ஒரு டீச்சர் அவளுக்கு ஆறாவது ஏழாவதில் மாரடிச்சுச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. கணக்கு வயலில் கிடந்தது, அதைப் போடுற கருவி பள்ளிக்கூடத்திலேருந்து வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவனுக்கு அதே வயல், அதே வரப்பு. அவனுக்கு ஒண்ணும் விளங்கலை. அவனுக்கு இன்னும் வகுத்தல் சரியா வரலை.

புதன்கிழமைக்கு மேல்தான் நிஜம் தெரிஞ்சது. நான் வடிகால் வெட்டப் போயிட்டேன். வீட்டம்மா ஈரத்தில் கிடந்த வைக்கோலைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. சின்னவனுக்கு யாரு பாடம் சொல்றது? அக்காதான். யாரும் உட்கார வச்சுச் சொல்லலை, தானாவே அப்படி ஆயிடுது. தம்பிக்குப் பாடம், அப்பாயிக்கு வெந்நீர், மத்தியானச் சாதம் வடிக்கிறது, அப்புறம் மாடு. அஞ்சு நாளில் அவள் தன் புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்த நேரம் எல்லாம் சேர்த்தால் நாலு மணி நேரம் தேறாது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளில் அதைவிட அதிகம் படிக்கிறாள். அங்கே அவளை யாரும் தண்ணி எடுத்துட்டு வான்னு கூப்பிட முடியாது. பொட்டப்புள்ளைக்குக் காலையிலேருந்து சாயங்காலம் வரை யாருக்கும் எடுபிடியா இல்லாம உட்காருற ஒரே இடம் நம்ம ஊர்ல பள்ளிக்கூடம்தான். வீட்டுக்கல்வின்னு சொல்லும்போது அந்த வீட்டில் யாரு சமைக்கிறா, யாரு கடைக்குட்டியைப் பார்த்துக்கிறான்னு கேளுங்க. மூத்த பொண்ணுன்னுதான் பெரும்பாலும் பதில் வரும்.

மேடையில் பேசினவர் வீட்டில் ரெண்டு பேரும் பட்டதாரி. கொஞ்ச வருஷம் நகரத்தில் சம்பாதிச்சு நிலம் வாங்கினவங்க. புள்ளைங்களோடவே முழு நேரமும் இருக்க அவங்க வீட்டில் ஒரு ஆள் இருக்கு, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கு. அவங்க நடத்தட்டும், எனக்கு வருத்தமில்லை. நாளைக்கு ஒத்துவரலைன்னா பணம் கட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துடுவாங்க. நம்ம தம்பி பொண்ணு எட்டாவதோட நின்னா நின்னதுதான்.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னெண்டாவது வரை படிச்சிருந்தாத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020ல் வந்தது. அதே மாதிரி படிச்ச பொண்ணு காலேஜுக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய். வயலில் படிச்சதுக்கு இது ரெண்டும் கிடையாது. "திறந்தநிலைப் பள்ளி மூலமா பரீட்சை எழுதிக்கலாமே"ங்கிறாங்க. எழுதலாம். அதுக்கு மீதித் தேற்றத்தை யாரு நடத்துவா, வடிகால் வெட்டப் போன நானா?

இன்னொண்ணு. இந்த "வயலே பள்ளிக்கூடம்" நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை. 1953ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிப் புள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் வீட்டில் அப்பன் செய்யிற தொழிலைக் கத்துக்கிறது. குலக்கல்வித் திட்டம்னு பேர் வச்சுத் தமிழ்நாடே எதிர்த்தது. 1954ல் காமராஜர் வந்ததும் அதைத் தூக்கிப் போட்டார். அந்த ஐயா அந்த நோக்கத்தில் பேசலைன்னு எனக்குத் தெரியும். ஆனால் எங்க ஊரில் அந்தப் பேச்சு எப்படி நடக்கும்? வேலிக்கணக்கில் நிலம் இருக்கிறவன் மகன் வயலில் நிர்வாகம் கத்துப்பான். தெற்குத் தெரு மகன் அதே வயலில் அண்டை வெட்டக் கத்துப்பான். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காருறது அந்த ஒரு கட்டடத்தில்தான்.

பள்ளிக்கூடத்தில் குறையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. பரீட்சைக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு மனப்பாடம் பண்றது, விளையாட்டு பீரியட்டைக் கணக்குக்கு எடுத்துக்கிறது எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் விடப் பெரிய குறை, எங்க ஆரம்பப் பள்ளியில் அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர். திண்ணையில் ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் பட்ட பாட்டை, அவங்க நாப்பத்தேழு புள்ளைங்களை வச்சுக்கிட்டு வருஷம் பூரா படுறாங்க. ஒரே ரூமில் மூணு வகுப்பு. ஒரு வட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மத்த ரெண்டு வட்டமும் கையில் வேலையோட இருக்கணும். 'எண்ணும் எழுத்தும்' வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு அதுக்குத் தகுந்த மாதிரி புத்தகமும் கொடுத்திருக்காங்க. ஆனால் டீச்சருக்கு வாய் ஒண்ணுதானே? ஒருத்தர் பயிற்சிக்குப் போயிட்டா அன்னைக்கு அஞ்சு வகுப்பும் ஒரே ஆள் தலையில்.

இது விதிமீறலும் இல்லை, அதுதான் கொடுமை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்பப் பள்ளியில் 60 புள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர் இருந்தால் போதும். தலையை எண்ணுறாங்களே தவிர வகுப்பை எண்ணலை. அதே சட்டம், ஆறாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது வேணும்னு சொல்லுது. ஆறாவதுக்குத் தெரிஞ்ச நியாயம் ஒண்ணாவதுக்கு ஏன் தெரியலை? எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுற வயசில்தானே பக்கத்தில் ஆள் வேணும்?

பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் இருக்கிறவங்க அந்தக் கோபத்தை இங்கே காட்டுங்க. புள்ளையை நிறுத்தினா என்ன ஆகும்? நாப்பத்தேழு நாப்பதாகும், முப்பதாகும். கடைசியில் புள்ளைங்களே இல்லைன்னு பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்த்துடுவாங்க. அப்புறம் ஆறு வயசுப் புள்ளை ரோட்டைத் தாண்டிப் போகணும். இப்ப காலையில் உப்புமாவோ கிச்சடியோ அங்கேயே சாப்பிட்டு உட்காருது, மத்தியானம் முட்டையோட சோறு. காலை நடவுக்குப் போற அம்மாக்களைக் கேளுங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்னு.

அந்தத் தம்பியை நேத்து டீக்கடையில் பார்த்தேன். ஒரு கிரவுண்டு கணக்கை அவன்கிட்டச் சொன்னேன். அவன் பொண்ணை நிறுத்துறதைப் பத்தி இன்னும் முடிவா ஒண்ணும் சொல்லலை. "யோசிக்கிறேன்ண்ணே"ன்னான்.

ஜனவரி 26 கிராம சபையில் வைக்க ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். புள்ளைங்க 47, வகுப்பு 5, ஆசிரியர் 2, குறைஞ்சது இன்னும் ஒரு ஆசிரியர் வேணும்னு ரெண்டே பத்தி. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாச்சு. நம்ம ஊர்க்காரங்க இதைப் படிச்சா, கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்துடுங்க. அம்பது பேருக்குக் கீழே உட்கார்ந்திருந்தா போன தடவை மாதிரி கோரம் இல்லைன்னு எழுதி மூடிடுவாங்க.