மின்மினிக்கு லைட் அடிக்காதீங்க... அது பொண்ணு பார்க்குற நேரம்!

கரண்ட் போன ராத்திரியில் மட்டும் கண்ணில் படுகிற பூச்சியாக மின்மினி மாறிக்கொண்டு வருகிறது. கடையநல்லூர் மாதிரி மலையடிவார ஊர்களில், மேற்கே கருப்பாநதி அணைப் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கிறது. ஊருக்குள், கொல்லம் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில், அதுவும் கிடையாது. 'மின்மினியெல்லாம் எங்க போச்சு?' என்று கேட்பதற்கு முன்னால், அது எதுக்கு மின்னுது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலான மின்மினி இனங்களில் பறந்துகொண்டே மின்னுவது ஆண். பெண், புல்லிலோ செடியிலோ உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தாளம் உண்டு. தன் இனத்தின் தாளம் சரியாக இருந்து, ஆளும் பிடித்துப்போனால், பெண் ஒரு சின்ன மின்னலைப் பதிலாக அனுப்பும். அதைப் பார்த்துத்தான் ஆண் இறங்கி வரும். அந்தப் பதில் கண்ணில் படாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

வயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வருகிற வெளிச்சம் இது. சூடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆக்சிஜன் போவதைக் கட்டுப்படுத்தித்தான் பூச்சி சுவிட்ச் போட்டு அணைக்கிறது.

நம்ம ஊரிலேயே இதன் பிரமாண்ட வடிவம் இருக்கிறது. ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில், ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணைவதை 2022-ல் தமிழ்நாடு வனத்துறையும் ஸ்ரீராம் முரளியும் பதிவு செய்தார்கள். அவை அப்ஸ்காண்டிட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை.

ஏன் கூட்டமாக மின்ன வேண்டும்? அமெரிக்காவின் ஒரு மின்மினி இனத்தை வைத்து 2010-ல் வெளியான ஆய்வில் ஒரு விடை இருக்கிறது. செயற்கை விளக்குகள் ஒரே தாளத்தில் மின்னியபோது பெண்கள் 80 சதவீதத்துக்கு மேல் பதில் கொடுத்தன. தாளம் தப்பியபோது 10 சதவீதம்கூடத் தேறவில்லை. ஆளாளுக்கு மின்னினால் பெண்ணுக்குக் குழப்பம்தான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் நம்ம எல்இடி விளக்கு வருகிறது. 2020-ல் உலகம் முழுக்க மின்மினி ஆய்வாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், வாழிடம் அழிவதற்கு அடுத்த பெரிய ஆபத்தாகச் சொல்லப்பட்டது செயற்கை வெளிச்சம். பூச்சிக்கொல்லி அதற்குப் பிறகுதான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனையில், மிகப் பிரகாசமான வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஆணும் பெண்ணும்கூட இணையவில்லை.

வளர்ந்த மின்மினியின் ஆயுள் சில வாரங்கள்தான். நிறைய இனங்கள் அந்த நேரத்தில் சாப்பிடுவதுகூட இல்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஓட்டுகின்றன. (சில இனங்களில் ஆண், விந்தணுவோடு புரதப் பொட்டலம் ஒன்றையும் பெண்ணுக்குக் கொடுக்கும். சீர்வரிசை மாப்பிள்ளை வீட்டிலிருந்து!) அந்தச் சில வாரங்களில் ஜோடி சேராவிட்டால், ஒரு தலைமுறை போச்சு.

மலையடிவாரத் தோட்டங்களில் யானைக்கும் பன்றிக்கும் பயந்து விளக்கு போடுகிற விவசாயியைக் குறை சொல்வது நியாயமே இல்லை. அவர் பிழைப்பு அது. ஆனால் ஆளே இல்லாத காலி மனைக்கும், பூட்டின கல்யாண மண்டபத்து வாசலுக்கும் விடிய விடிய ஃப்ளட் லைட் எதுக்கு? தெருவிளக்கு தரையைப் பார்க்க வேண்டும். வயலையும் வானத்தையும் பார்க்க வேண்டாம். மேலே ஒரு மூடி, ராத்திரி 11 மணிக்கு மேல் அணைக்க ஒரு டைமர். நகராட்சிக்கு இது பெரிய செலவா?

மின்மினி பார்க்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மகாராஷ்டிராவில் புருஷ்வாடி, பண்டார்தரா பக்கம் மே, ஜூன் மாதங்களில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ரீல்ஸுக்காக அடிக்கிற செல்போன் டார்ச் ஆணின் கண்ணை மறைக்கும். புல்லுக்குள் இறங்கி நடந்தால் பெண் காலடியில் மாட்டும்.

இணைந்த பிறகு பெண் ஈரமண்ணிலோ பாசியிலோ முட்டையிடும். வெளியே வருகிற புழு நத்தையையும் மண்புழுவையும் வேட்டையாடித் தின்னும். சில ஆசிய இனங்களில் புழு தண்ணீருக்குள்ளேயே வளரும். மாதக்கணக்கில், சில இனங்களில் ஒரு வருஷத்துக்கு மேலும், அந்த வாழ்க்கை யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அதற்குள் குளத்தங்கரையில் பிளாட் போட ஜேசிபி இறங்கிவிட்டால், அடுத்த மழைக்கு மின்ன அங்கே எதுவும் இருக்காது.