நிற்பதற்கா சம்பளம்?

சென்ற ஆடித் தள்ளுபடியின்போது என் மனைவி ஒரு காரியம் செய்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள். அதனால் ஒரு பெண்ணுக்குக் கஷ்டம் வந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

பேத்தியின் காதுகுத்துக்குச் சேலைகள் எடுக்க விளக்குத்தூண் பக்கம் போயிருந்தோம். நான்கு மாடி ஜவுளிக்கடை. இரண்டாவது மாடியில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் கிடைத்தது. எதிரே நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கடையின் சீருடைச் சேலை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம். முப்பது சேலைக்கு மேல் பிரித்துக் காட்டியிருப்பாள். முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டே இருந்தாள். நாங்கள் பேசிக்கொள்ளும்போது பின்னால் இருந்த தூணில் லேசாகச் சாய்வாள். யாராவது நடந்து வந்தால் சட்டென்று நிமிர்ந்துகொள்வாள்.

என் மனைவி கேட்டாள்: "நீயும் செத்த உட்காரேன் தாயி."

"வேணாங்கம்மா. மேலே கேமரா இருக்கு."

காலை ஒன்பதரைக்கு வந்தவளாம். கடை சாத்தி, கணக்குப் பார்த்து, சேலைகளை மடித்து வைத்துக் கிளம்ப ராத்திரி பத்து ஆகுமாம். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். கடைக்காரர்களே வைத்திருக்கும் விடுதியில் தங்கல்.

கிளம்பும்போது என் மனைவி அந்த மாடி மேலாளரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டாள். "பிள்ளைகளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடக் கூடாதா? அந்தப் பிள்ளை கால் வீங்கிப்போய் நிக்குது" என்றாள். அவர் சிரித்த முகமாக, "சொல்றோம்மா, செய்றோம்மா" என்றார். எங்களுக்கும் ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தி.

இரண்டு வாரம் கழித்து ஒரு சேலையை மாற்றப் போனோம். அந்தப் பெண்ணைக் காணோம். விசாரித்தால், பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவளைக் கஸ்டமர்கிட்ட குறை சொன்னான்னு நாலாவது மாடிக்குப் போட்டுட்டாங்கம்மா. எங்களுக்கு லிப்டு கிடையாது."

என் மனைவி அன்று வீடு வரும்வரை பேசவில்லை. ஆட்டோவில் ஒரே ஒரு தடவை, "ஏங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணுமோ?" என்றாள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். வாயை மூடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்ட விதம் தப்பு. அதில் என் தப்பும் உண்டு. முப்பத்தாறு வருடம் சங்கத்தில் இருந்தவன் நான். எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பல பேருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களுக்கான சட்டம் 1947ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதில் உள்ள பொது விதி. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். 22-ஏ என்று ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் உட்காரத் தகுந்த வசதி கடையில் இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். ஆக அந்தப் பெண் உட்காருவது யாரும் அவளுக்குக் காட்டும் சலுகை இல்லை.

இந்தத் திருத்தத்துக்கு முன்னோடி கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைத் திரட்டினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்ற பெண்கள் அவர்கள். 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பு உருவானது. கழிப்பறையில் தொடங்கிய பேச்சு உட்காரும் உரிமைக்கு வந்தது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடத்தில் நம் ஊரிலும் வந்தது. யாரோ ஒரு அதிகாரிக்கு இரக்கம் பிறந்து எழுதிய சட்டம் இல்லை இது. தெருவில் நின்ற பெண்கள் கேட்டு வாங்கியது.

இன்னொரு வேடிக்கை உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் மூன்று கடைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று 1899இலேயே சட்டம் போட்டார்கள். நம் கடைப் பெண்களுக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதை இல்லையே" என்பார்கள் கடைக்காரர்கள். என் நண்பர் ஒருவரே இதைச் சொன்னார். என் வயதுக்காரர்கள் கொஞ்சம் பழைய ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவோம். விற்பவரும் நமக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தபடியே சேலையை விசிறிப் போடுவார். "மாமாவுக்குக் காப்பி சொல்லு" என்று பையனை விரட்டுவார். அவர் உட்கார்ந்ததால் நமக்கு என்ன மரியாதை குறைந்தது? மாடி மாடியாகக் கட்டி, கண்ணாடி மேசை போட்ட பிறகு வந்ததுதான் இந்த நிற்கும் மரியாதை. இன்றைக்கும் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார். வங்கியில் உட்கார்ந்தபடிதான் நம் ஓய்வூதியப் பணத்தை எண்ணித் தருகிறார்கள். அங்கெல்லாம் போகாத மரியாதை, கூலிக்கு நிற்கும் பெண் உட்கார்ந்தால் மட்டும் எப்படிப் போகும்?

சரி, சட்டம் இருக்கிறது. அந்தப் பெண் ஏன் உட்காரவில்லை? கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்த்தவன். ராத்திரி ரயிலில், மெயில் வேனில், ஆடும் வண்டியில் நின்றுகொண்டு தபால்களைப் பிரித்து அறைகளில் போடுவோம். ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே கை ஓய்ந்தால் தபால் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிடுவோம். எந்த அதிகாரியும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கள் அதிகாரிகள் எல்லாம் தங்கமானவர்கள் என்பதால் இல்லை. ஒருவனைத் திட்டினால் மறுநாள் காலை கிளைச் செயலாளர் நாலு பேரோடு போய் நிற்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். "ஒருத்தரைச் சொல்லாதீங்க சார், எங்க எல்லாரையும் சொல்லுங்க" என்பார். சங்கம் என்றால் கொடியும் கோஷமும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், அதில் முக்கால்வாசி இதுதான். கேட்டவன் தனியாக மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது.

என் மனைவி செய்ததில் இது இல்லாமல் போயிற்று. அந்தப் பெண்ணைக் கைகாட்டிக் கேட்டாள். நாங்கள் ஆட்டோ ஏறி வந்துவிட்டோம். அவள் அங்கேயே நின்றாள். இரக்கப்படுகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யாருக்காக இரக்கப்பட்டோமோ அவருக்குத்தான் நாலாவது மாடி.

"இவர்களே சங்கம் வைத்துக்கொள்ளட்டுமே" என்று கேட்கலாம். வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் வைத்தால்தான் நிலைக்கும். நம்மால் அவர்களுக்காகச் சங்கம் நடத்த முடியாது. ஆனால் விடுதியில் தங்கி, பத்து மணிக்குக் கடை சாத்தி, கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க இரண்டு மூன்று வருடம் மட்டும் வேலைக்கு வரும் பிள்ளைகள் எங்கே கூடுவார்கள், எப்போது பேசுவார்கள்? இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னையில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அது எங்கே முளைத்தது தெரியுமா? பெரம்பூரில் செல்வபதி செட்டியார் என்பவரின் துணிக்கடையில்! பின்னி ஆலைத் தொழிலாளிகள் அங்கே வந்து குறைகளைச் சொல்வார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அதில் முக்கியமான ஒன்று. செட்டியார் ஆலைத் தொழிலாளி இல்லை. ஆனால் தன் கடையில் அவர்கள் பேச இடம் கொடுத்தார், காது கொடுத்துக் கேட்டார், பிறகு ராமானுஜுலு நாயுடுவோடு சேர்ந்து வாடியாவிடம் போய்ச் சொன்னார். நூறு வருடம் தாண்டி, ஒரு துணிக்கடையில் அதே அரை மணி நேரச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பெண் என் மனைவியிடம் சொல்கிறாள். சொல்லி மாட்டிக்கொள்கிறாள்.

செட்டியார் செய்ததை நம்மால் செய்ய முடியாதா? நம்மிடம் நேரம் இருக்கிறது. ஓய்வூதியர் சங்கக் கட்டடம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. மனு எழுதுவது நமக்குக் கைவந்த கலை. நம்மை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது.

காலை நடைக்கு வரும் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை, எந்தக் கடையின் பெயரும் இல்லை. 'இன்னின்ன வீதிகளில் உள்ள எல்லா ஜவுளிக்கடைகளிலும் பிரிவு 22-ஏ நடைமுறையில் உள்ளதா என்று ஆய்வு செய்க' என்று தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டோம். ஒரு மாதம் கழித்து இன்னொரு நினைவூட்டல். ஐப்பசி மாதம் அதே கடைக்குப் போனேன். தூணோரமாக ஐந்து பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தன. எனக்குச் சந்தோஷம். கிட்டே போய்ப் பார்த்தால் ஐந்தும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியபடி, தூசியோடு. ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு. இன்னொரு மனு எழுதியிருக்கிறோம். அடுக்கிய ஸ்டூலில் யார் உட்காருவது என்று அதில் கேட்டிருக்கிறோம்.

இதைப் படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, சேலை காட்டும் பெண்ணைச் சுட்டிக்காட்டிப் பேசாதீர்கள். பணம் கட்டும் இடத்தில், பையில் இருந்து காசை எடுக்கும் முன்பு கேளுங்கள்: "உங்கள் ஆட்களுக்கு இருக்கை எங்கே போட்டிருக்கிறீர்கள்?" தனியாகக் கேட்காதீர்கள், மகளோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ சேர்ந்து கேளுங்கள். பத்து நாளில் பத்துப் பேர் இதையே கேட்டால், யார் குறை சொன்னது என்று கடைக்காரரால் யாரையும் கைகாட்ட முடியாது.

அந்தப் பெண் இப்போதும் நாலாவது மாடியில்தான் இருக்கிறாள். தீபாவளிக்கு முன்பு என் மனைவி மூட்டு வலியோடு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். கேமரா இருக்கிறதே என்று ஒன்றும் பேசாமல், ஒரு ரவிக்கைத் துணி மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.